பைலட் கையில் என்ன மணி?

விமான நிலையங்களில் உள்ள கடிகாரக் கடைகளின் விளம்பரப் படங்களில் ஒரு விமானி அடிக்கடி தலைகாட்டுவார். தோல் ஜாக்கெட், கறுப்புக் கண்ணாடி, மணிக்கட்டில் அப்பளம் அளவுக்கு ஒரு ஸ்விஸ் கடிகாரம். அதன் விலையில் ஒரு சின்னக் கார் வாங்கலாம். கடை வாசலைத் தாண்டி, தோளில் நான்கு பட்டைகளும் கையில் உருளைப் பெட்டியுமாக அவசரமாகப் போகிற நிஜ விமானியின் மணிக்கட்டைப் பார்த்தால் பெரும்பாலும் ஏமாற்றமே மிஞ்சும். கறுப்பு பிளாஸ்டிக்கில் ஒரு கேஸியோ, அல்லது கல்யாணத்துக்கு மாமனார் போட்ட டைட்டன், அல்லது பேரனும் பாட்டியும் கட்டிக்கொள்கிற அதே ஸ்மார்ட் வாட்ச். சிலர் கையில் கடிகாரமே இருக்காது.

இந்தியாவில் இந்த முரண் பழையது. பெங்களூரில் 1961இல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு கைகோத்துக் கடிகாரம் செய்யத் தொடங்கிய எச்.எம்.டி., பின்னாளில் ஒரு கடிகாரத்துக்கு ‘பைலட்’ என்று பெயர் வைத்தது. கறுப்பு முகம், வெள்ளை எண்கள், தினமும் காலையில் சாவி கொடுக்க வேண்டிய 17 கல் இயந்திரம். அதைக் கட்டிக்கொண்டவர்களில் பெரும்பாலோர் விமானத்தைத் தலைக்கு மேலே மட்டுமே பார்த்தவர்கள். வங்கி குமாஸ்தா, தலைமை ஆசிரியர், ரயில்வே ஊழியர். ஓசூரில் டைட்டன் பிறந்தது, பேட்டரிக் கடிகாரங்கள் பெருகின, சாவி கொடுக்கும் வழக்கமே மறைந்தது. 2016 ஜனவரியில் எச்.எம்.டி.யின் கடிகார நிறுவனத்தை மூட மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. ‘பைலட்’ என்ற பெயர் போட்ட கடிகாரத்தைக் குமாஸ்தா கட்டினார். குமாஸ்தாவுக்கென்று செய்த மலிவுக் கடிகாரத்தை இன்று பைலட் கட்டுகிறார்.

இதைச் சிக்கனம் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. பயிற்சிச் செலவே அரைக் கோடியைத் தொடுகிற தொழிலில், கடன் அடைபடும்வரை இளம் விமானிக்கு லட்ச ரூபாய்க் கடிகாரம் எட்டாக் கனி என்பது உண்மைதான். ஆனால் கடனெல்லாம் தீர்ந்த மூத்த கேப்டன்கள் பலரும் அதே சாதாரணக் கடிகாரத்தோடுதான் பறக்கிறார்கள். ஏனென்றால் அவர்களுக்குத் தேவை மூன்றே விஷயங்கள். இருட்டில் ஒரே பார்வையில் மணி தெரிய வேண்டும். விநாடிகளை எண்ண முடிய வேண்டும். காட்டுகிற நேரம் ஊர் நேரமாக இல்லாமல், வானத்தின் நேரமாக இருக்க வேண்டும்.

வானத்துக்கென்று தனியாக ஒரு நேரம் உண்டு. 19ஆம் நூற்றாண்டில் இந்திய ரயில்கள் மெட்ராஸ் வானாய்வுக்கூடத்தின் நேரப்படி ஓடின. ஊருக்கு ஊர் நேரம் மாறினால் ஒரே தண்டவாளத்தில் இரண்டு ரயில்கள் எதிரெதிரே வந்துவிடும் என்ற பயம்தான் காரணம். விமானங்களுக்கும் அதே பயம். பரப்பு மட்டும் உலகம் முழுவதும். அதனால் பறப்புத் திட்டம், வானிலை அறிக்கை, ஓடுபாதை மூடல் அறிவிப்பு எல்லாமே கிரீன்விச்சை ஒட்டிய சர்வதேச நேரத்தில்தான். அறிக்கைகளில் நேரத்தின் பின்னால் ‘இஸட்’ என்ற எழுத்து நிற்கும். வானொலியில் அதை ‘ஜூலு’ என்பார்கள்.

ஜூலுவை விட இந்திய நேரம் ஐந்தரை மணி நேரம் முந்தியது. சென்னையிலிருந்து 15ஆம் தேதி அதிகாலை 1:30க்குக் கிளம்பும் விமானம், விமானியின் காகிதங்களில் 14ஆம் தேதி இரவு 20:00 மணிக்குக் கிளம்புகிறது. மணி மட்டுமல்ல, தேதியே வேறு. தூக்கம் கண்ணைச் சுழற்றும் வேளையில் ஐந்தரையைக் கழிக்கும்போது தப்பு நேர்வது சுலபம். பழைய வானிலை அறிக்கையைப் புதியது என்று நினைத்துவிடலாம். திறந்திருப்பதாக நம்பிய ஓடுபாதை பழுதுபார்ப்புக்காக மூடியிருக்கலாம். அதனால்தான் பல விமானிகள் கைக்கடிகாரத்தை ஜூலுவில் வைத்துவிட்டு, ஊர் நேரத்துக்கு செல்போனைப் பார்க்கிறார்கள்.

இரண்டு நேரத்தையும் ஒரே முகத்தில் காட்டுவதற்கென்றே பிறந்த பிரபலக் கடிகாரம் ரோலெக்ஸின் ஜிஎம்டி மாஸ்டர். கண்டம் விட்டுக் கண்டம் பறந்த அமெரிக்காவின் பான் ஆம் நிறுவனத்தின் விமானிகளுக்காக 1950களின் நடுவில் வந்தது. 24 மணி நேரத்துக்கு ஒருமுறை சுற்றும் கூடுதல் முள், பகலுக்குச் சிவப்பும் இரவுக்கு நீலமுமாக விளிம்பு வளையம். நியூயார்க்குக்கும் லண்டனுக்கும் இடையே அது அருமையாக வேலை செய்தது. இந்திய வானில் ஒரு சங்கடம். இரண்டு நேரத்துக்கும் நிமிட முள் ஒன்றுதான். முழு மணிக் கணக்கில் வித்தியாசப்படும் ஊர்களுக்கு அது போதும். நம்முடைய அந்த ‘அரை’ அதற்குள் அடங்காது. முள்ளைப் பார்த்து மனதுக்குள் முப்பது நிமிடத்தைக் கூட்ட வேண்டும், அல்லது கழிக்க வேண்டும். காத்மாண்டு போகிறவர் பாடு இன்னும் மோசம். நேபாளத்தின் வித்தியாசம் ஐந்தே முக்கால் மணி நேரம்.

பல லட்ச ரூபாய்க் கடிகாரம் தடுமாறும் இந்த இடத்தில், சில ஆயிரம் ரூபாய் விலையுள்ள கேஸியோவின் உலக நேரக் கடிகாரம் தடுமாறுவதில்லை. எண்களாகவே நேரத்தைக் காட்டும் அதற்கு அரையும் முக்காலும் ஒரு பொருட்டில்லை. ஒரு பொத்தானை அமுக்கினால் டெல்லி, இன்னொரு ஊரைத் தேர்ந்தெடுத்தால் கிரீன்விச். விலை ஏற ஏற வசதி குறைவது கடிகார உலகத்தின் விசித்திரங்களில் ஒன்று.

இப்போது நகையாகிவிட்ட அந்தக் கடிகாரங்கள் எல்லாம் ஒரு காலத்தில் வேலைக்கான கருவிகளே. 1901இல் பாரிஸில், தன் வான்கப்பலில் ஈபிள் கோபுரத்தைச் சுற்றி அரை மணி நேரத்துக்குள் திரும்பினால் பரிசு என்ற போட்டியில் ஜெயித்தவர் பிரேசில்காரரான ஆல்பர்ட்டோ சான்டோஸ் டுமான்ட். இரண்டு கைகளும் விசைகளில் இருக்கும்போது சட்டைப் பைக் கடிகாரத்தை எடுத்துப் பார்க்க முடியவில்லை என்று அவர் நண்பர் லூயி கார்டியேவிடம் குறைப்பட்டதாகவும், 1904இல் கார்டியே அவருக்கு மணிக்கட்டில் கட்டும் கடிகாரம் செய்து கொடுத்ததாகவும் வரலாறு. ஆண்கள் கைக்கடிகாரம் கட்டுவது வழக்கமில்லாத காலம் அது. 1909இல் ஆங்கிலக் கால்வாயை முதன்முதலாக விமானத்தில் தாண்டிய லூயி பிளேரியோவின் கையில் ஸெனித் கடிகாரம் இருந்தது.

அடுத்த கட்டத்தில் கடிகாரமே வழிகாட்டியானது. கடலுக்கு மேல் அடையாளம் ஏதும் இல்லை. சூரியனையும் நட்சத்திரங்களையும் அளந்து, அளந்த நேரத்தோடு ஒப்பிட்டுத்தான் இருக்குமிடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். பூமி நான்கு விநாடியில் ஒரு கலை, அதாவது ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு, சுழல்கிறது. கடிகாரம் நான்கு விநாடி பிசகினால் பூமத்திய ரேகையில் கணக்கு ஒரு கடல் மைல் பிசகும். ஒரு நிமிடம் பிசகினால் பதினைந்து கடல் மைல். தேடிப் போகிற தீவு கண்ணில் படாமலே போய்விட அது போதும். 1927இல் நியூயார்க்கிலிருந்து பாரிஸுக்கு 33 மணி நேரத்துக்கு மேல் தனியாகப் பறந்த சார்லஸ் லிண்ட்பெர்க், அந்த அனுபவத்தை வைத்தே பிற்பாடு லாஞ்சின்ஸ் நிறுவனத்துக்காக, தீர்க்கரேகைக் கணக்கை எளிதாக்கும் ஒரு கடிகாரத்தை வடிவமைத்தார். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் விமானப்படையின் வழிகாட்டிகள் ஜாக்கெட்டுக்கு மேல் கட்டிக்கொண்ட கடிகாரத்தின் அகலம் 55 மில்லிமீட்டர். இன்றைய விளம்பரங்களின் அப்பள அளவுக்கு மூலம் அதுதான். அன்று அந்த அளவு, இருட்டில் தடித்த உறைகளோடு வேலை செய்தவர்கள் விநாடியைத் துல்லியமாகப் படிப்பதற்காக.

டாடாவின் முதல் விமானத் தபாலும் ஏறக்குறைய இப்படித்தான் பறந்தது. 1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாடா ஒற்றை இன்ஜின் புஸ் மாத் விமானத்தில் கராச்சியிலிருந்து அகமதாபாத் வழியாக பம்பாய் வந்தார். தபால் அங்கிருந்து நெவில் வின்சென்ட் கையில் பெல்லாரி வழியாக மெட்ராஸ் போய்ச் சேர்ந்தது. வானொலி உதவி கிடையாது. திசைகாட்டி, வரைபடம், கடிகாரம், கீழே தெரியும் ஆறும் ரயில் பாதையும். இத்தனை வேகத்தில் இந்தத் திசையில் இத்தனை நிமிடம் பறந்தால் இந்த ஊர் வர வேண்டும். வரவில்லையென்றால் வழி தவறிவிட்டது என்று பொருள்.

இந்தக் கணக்கைப் பயிற்சி விமானிகள் இன்றும் படிக்கிறார்கள். வணிக விமானி உரிமத்துக்கு இந்தியாவில் 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அந்த மணிகள் எல்லாம் கடிகாரத்தைப் பார்த்துக் குறிப்பேட்டில் எழுதப்படுபவை. சிறிய பயிற்சி விமானத்தின் பலகையில் கடிகாரம் இருக்கும். எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் என்று சொல்வதற்கில்லை. அப்போது மணிக்கட்டுதான் கதி. ஐரோப்பிய விதிகள் சிறிய விமானங்களுக்குக் கைக்கடிகாரமே போதும் என்று ஏற்றுக்கொள்கின்றன.

வானத்தில் காத்திருப்பதும் கடிகாரக் கணக்குதான். ஓடுபாதை காலியில்லை என்றால் விமானம் முட்டை வடிவத்தில் சுற்றிவர வேண்டும். விநாடிக்கு மூன்று பாகை வீதம் திரும்பினால் அரை வட்டத்துக்குச் சரியாக ஒரு நிமிடம். பிறகு நேர்கோட்டில் ஒரு நிமிடம். மறுபடி அரை வட்டம், மறுபடி நேர்கோடு. ஆக ஒரு சுற்றுக்கு நான்கு நிமிடம். பெரிய விமானங்களில் கணினியே இதைச் செய்துவிடுகிறது. ஆனால் ஒவ்வொரு சுற்றும் எரிபொருளைக் குடிக்கிறது என்பதைக் கணினி நினைவூட்டினாலும், நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியவர் மனிதர்.

அதை மறந்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் போர்ட்லாண்ட் நகரம் சாட்சி. 1978 டிசம்பர் 28 அன்று, 189 பேருடன் வந்த யுனைடெட் நிறுவனத்தின் டிசி-8 விமானத்தில் இறங்கு சக்கரத்தில் கோளாறு என்று சந்தேகம் எழுந்தது. கேப்டன் நகருக்கு அருகே வட்டமிட்டபடி கோளாறை ஆராய்ந்தார். பயணிகளை அவசர இறக்கத்துக்குத் தயார் செய்யச் சொன்னார். எல்லாம் பொறுப்பான வேலைதான். ஏறக்குறைய ஒரு மணி நேரம் கரைந்தது. எரிபொருளும் கரைந்தது. எரிபொருள் குறைவதைப் பற்றி உடனிருந்தவர்கள் பேச்சோடு பேச்சாகச் சொன்னது கேப்டனின் மனதில் உறைக்கவில்லை. இன்ஜின்கள் ஒவ்வொன்றாக அணைந்து, ஊருக்குள் மரங்களுக்கு நடுவே விமானம் விழுந்தது. பத்துப் பேர் இறந்தார்கள். அந்த அறையில் கடிகாரங்களுக்குக் குறைவில்லை. பார்க்க வேண்டிய நேரத்தில் யாரும் பார்க்கவில்லை, பார்த்தவர்கள் உரக்கச் சொல்லவில்லை. விமானி அறையில் இளையவரும் தயங்காமல் பேச வேண்டும் என்று உலகம் முழுவதும் இன்று கற்றுக்கொடுக்கப்படும் குழுப் பயிற்சிக்கு வித்திட்ட விபத்துகளில் இது முக்கியமானது.

கடிகாரம் காப்பாற்றிய கதையும் உண்டு. 1970 ஏப்ரலில் நிலவுக்குப் போகும் வழியில் வெடிப்பில் சிக்கிய அப்பல்லோ 13, மின்சாரத்தை மிச்சப்படுத்த வழிகாட்டும் கணினியை அணைத்து வைத்திருந்தது. பாதையைத் திருத்த இன்ஜினை 14 விநாடி மட்டும் எரிக்க வேண்டும். ஜேம்ஸ் லோவலும் ஃபிரெட் ஹைஸும் கலத்தைத் திசை பிசகாமல் பிடித்துக்கொள்ள, ஜாக் ஸ்விகெர்ட் தன் ஒமேகா கைக்கடிகாரத்தைப் பார்த்து விநாடிகளை எண்ணினார். மூவரும் பிழைத்து வந்தார்கள். இந்தச் சம்பவத்தை விளம்பரக்காரர்கள் அதற்குப் பிறகு விடவே இல்லை. ஆனால் அன்று தேவைப்பட்டது ஒரு நல்ல விநாடி முள்ளும், அதிலிருந்து கண்ணை எடுக்காத ஒரு மனிதரும்தான்.

நடுத்தர விலையில் இப்படிக் கருவியாகவே கடிகாரத்தைப் பார்க்கும் மரபும் தொடர்கிறது. பிரிட்டிஷ் விமானப்படை 1984இல் தன் வீரர்களுக்கு ஜப்பானின் சீக்கோ பேட்டரிக் கடிகாரங்களை வாங்கிக் கொடுத்தது. சீக்கோ, சிட்டிசன் இரண்டின் விமானிக் கடிகாரங்களையும் சொந்தக் காசில் வாங்கும் விமானிகள் உண்டு. அவற்றின் விளிம்பில் வட்ட வடிவக் கணக்கு அளவுகோல் இருக்கும். பிரெய்ட்லிங் 1952இல் நேவிடைமர் கடிகாரத்தில் பிரபலப்படுத்திய ஏற்பாடு அது. எரிபொருளும் வேகமும் தூரமும் அதில் கணக்கிடலாம். பொடி எழுத்தில் உள்ள அந்த அளவுகோலைக் குலுங்கும் விமானத்தில் படிப்பதற்குள் டேப்லெட்டில் விடை வந்துவிடும். அழகுக்கு இருக்கட்டும் என்று விட்டுவிடுகிறார்கள்.

புதிய தலைமுறை கார்மின் போன்ற நிறுவனங்களின் விமானி ஸ்மார்ட் வாட்ச் பக்கம் சாய்கிறது. வானிலை அறிக்கையைக் காட்டுகிறது, பக்கத்து விமான நிலையத்துக்கு வழி சொல்கிறது, ரத்தத்தில் ஆக்சிஜன் அளவைக்கூடப் பார்க்கிறது. குறை, தினமும் சார்ஜ் கேட்கும் உறவினர் ஸ்மார்ட் வாட்ச்களுடையதுதான். இரவில் விமானி அறையின் மங்கிய ஒளிக்குப் பழகிய கண்ணில், கையை அசைத்ததும் பளிச்சென்று எரிகிற திரை உறுத்தவும் செய்யும்.

இந்த மணிக்கட்டுகள் அளக்க வேண்டிய இன்னொரு நேரம் இருக்கிறது. அது விமானத்தின் நேரமல்ல, விமானியின் உடம்பின் நேரம். ஜூலு எதைக் காட்டினாலும், அதிகாலை இரண்டு மணிக்கும் ஆறு மணிக்கும் இடையே உடம்பு தூங்கவே விரும்பும். இந்தியாவின் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் கொண்டுவந்த புதிய பணிநேர விதிகள் விமானிகளின் வாராந்தர ஓய்வை 36 மணி நேரத்திலிருந்து 48 மணி நேரமாக உயர்த்தின; இரவுத் தரையிறக்கங்களுக்கும் கடிவாளம் போட்டன. இரண்டாம் கட்டம் 2025 நவம்பரில் அமலுக்கு வந்தது. டிசம்பரில் நாட்டின் மிகப் பெரிய விமான நிறுவனத்தில் ஆயிரக்கணக்கான விமானங்கள் ரத்தாகிப் பயணிகள் விமான நிலையங்களில் படுத்துக்கிடந்தபோது, விமானியின் ஓய்வு மணிகள் முதல்முறையாக வீட்டுக்கு வீடு பேசப்பட்டன. சக்கரத் தடையை எடுத்த நேரம், மறுபடி வைத்த நேரம், பணிக்கு வந்த நேரம், விடைபெற்ற நேரம் என்று ஒவ்வொரு விமானியும் நிமிடக் கணக்கில் குறித்துவைப்பது வீண் வேலையல்ல என்று அப்போது புரிந்தது.

எல்லாவற்றுக்கும் மேலே, அண்மைக் காலத்தில் பழைய கைக்கடிகாரத்துக்கு எதிர்பாராத ஒரு மதிப்பு கூடியிருக்கிறது. இன்றைய விமானத்தின் கடிகாரம் செயற்கைக்கோளிடம் கேட்டு நேரத்தைத் தெரிந்துகொள்கிறது. போர் நடக்கும் பிரதேசங்களை ஒட்டி 2023இலிருந்து, செயற்கைக்கோள் போலவே நடித்துப் பொய் சமிக்ஞை அனுப்பும் மோசடி பெருகிவிட்டது. விமானம் இல்லாத இடத்தில் இருப்பதாக நம்புகிறது. சில சமயம் நேரமும் தாவிவிடுகிறது. ஒரு விமானத்தில் கடிகாரமே பல ஆண்டுகள் முன்னே ஓடிப்போய், அதைச் சரிசெய்யும்வரை பல வாரங்கள் பறக்க முடியாமல் நின்றது என்ற தகவல் 2024இல் வெளிவந்தது. எங்கோ நடக்கும் விவகாரம் என்று இருந்துவிடவும் முடியாது. 2025 நவம்பரில் டெல்லியை நெருங்கிய சில விமானங்கள் இத்தகைய பொய் சமிக்ஞையைச் சந்தித்ததை மத்திய அரசு நாடாளுமன்றத்தில் உறுதி செய்தது.

நேரம் தப்பினால் வானத்தில் நிறையத் தப்பும். ரேடார் எட்டாத கடல் பகுதிகளில், ஒரே பாதையில் ஒரே உயரத்தில் முன்னும் பின்னுமாகப் போகும் விமானங்களை மோதாமல் பிரித்துவைக்கப் பத்து அல்லது பதினைந்து நிமிட இடைவெளி விடுவது நெடுநாள் வழக்கம். அடுத்த புள்ளியை எத்தனை மணிக்குக் கடப்போம் என்று விமானி சொல்லும் நேரத்தை நம்பித்தான் கீழே இருப்பவர் கணக்குப் போடுகிறார். வட அட்லான்டிக் கடலுக்குள் நுழைவதற்கு முன் விமானத்தின் கடிகாரத்தைச் சரிபார்த்தாக வேண்டும் என்பது விதி.

இந்த நிலையில், யாரிடமும் எதையும் கேட்காமல் தன் உள்ளே துடிக்கும் குவார்ட்ஸ் படிகத்தை மட்டும் நம்பி ஓடுகிற கடிகாரத்தை ஏமாற்ற வழியில்லை. 1989இல் வந்த கேஸியோ எஃப்-91டபிள்யூவை எடுத்துக்கொள்ளலாம். எடை சுமார் 21 கிராம். பேட்டரி ஏழு வருஷம் வரும் என்கிறது நிறுவனம். மாதத்துக்கு முப்பது விநாடி முன்பின் ஆகலாம்; வாரம் ஒருமுறை திருத்தினால் தீர்ந்தது. பலகையில் உள்ள கடிகாரம் திடீரென்று வேறு மணி சொன்னால், குனிந்து மணிக்கட்டைப் பார்த்து எது பொய் என்று உடனே தெரிந்துகொள்ளலாம். செயற்கைக்கோளைக் கேட்டே ஓடுகிற விலை உயர்ந்த கடிகாரம் அந்த நேரத்தில் தானும் சேர்ந்து ஏமாறக்கூடும்.

லட்ச ரூபாய்க் கடிகாரம் கட்டிப் பறக்கும் விமானிகளும் இருக்கிறார்கள். முதல் கேப்டன் சம்பளத்தில் வாங்கியது, அப்பா விட்டுப்போனது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை இருக்கும். அதில் தப்பொன்றும் இல்லை. ஆனால் பயணி கவலைப்பட வேண்டியது கடிகாரத்தின் விலையைப் பற்றியல்ல. அது சரியான மணியைக் காட்டுகிறதா, கட்டியிருப்பவர் நன்றாகத் தூங்கி எழுந்து வந்தவரா என்ற இரண்டைப் பற்றித்தான். முதலாவதைச் சரிசெய்ய ஆயிரத்துச் சொச்சம் ரூபாய் போதும். இரண்டாவதற்கு விதி வேண்டும், அதை நடைமுறைப்படுத்தும் மனமும் வேண்டும்.